கூட்டாளியின் வேலை நமக்கு வந்தால்

(ஃபிரிஸ்கோவில் தமிழ்க் குடும்பங்களுக்காக நடந்த ஆலோசனைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று பேசப்போகும் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. முதலாளி உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரை நிப்பாட்டப் போறன், அந்த வேலையை நீங்கள் எடுக்கிறீங்களா?" எண்டு கேட்கிறார். அந்த "அவர்" உங்கட கூட்டாளி. உங்களை அங்கே சேர்த்துவிட்டவரே அவர்தான். உங்களுக்கோ வாடகை கட்டவேணும், ஊருக்குக் காசு அனுப்பவேணும். என்ன செய்யிறது?

டெக்சஸ் சட்டப்படி, ஒப்பந்தம் ஒன்றும் இல்லாவிட்டால், முதலாளி காரணம் சொல்லாமலே ஒருவரை நிறுத்தலாம். இனம், மதம், பிறந்த நாடு போன்ற காரணங்களுக்காக நிறுத்தத்தான் முடியாது. ஆகவே நீங்கள் மறுத்தாலும் வேறொருவர் அந்த இடத்துக்கு வரக்கூடும். வேலையை எடுப்பதே துரோகம் எண்டு நான் சொல்லமாட்டேன். ஆனால் "நான் இல்லாவிட்டால் இன்னொருத்தன்" எண்டு சொல்லிவிட்டுக் கண்ணை மூடவும் கூடாது.

இது பெரிய நிறுவனங்களிலும் நடந்த கதை. 2014 கடைசியில் ஒர்லாண்டோவில் டிஸ்னி நிறுவனம் தன் கணினிப் பிரிவில் ஏறக்குறைய 250 பேருக்கு வேலை முடிகிறது எண்டு அறிவித்தது. அவர்களில் பலர் போகுமுன் தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்கு வேலை பழக்கவும் வேண்டியிருந்தது. வந்தவர்களில் பலர் தற்காலிக விசாவில் இந்திய நிறுவனங்கள் வழியாக வந்தவர்கள். முடிவு எடுத்தது நிறுவனம். கோபத்தைத் தாங்கியது வந்த தொழிலாளிகள்.

ஆகவே பதில் சொல்லுமுன் மூன்று கேள்வி கேளுங்கோ.

1. ஏன் நிப்பாட்டுகினம்?

"வேலை அனுமதி அட்டை முடிஞ்சுது" எண்டு சொன்னால் கவனமாகப் பாருங்கோ. உங்கட கூட்டாளிக்கு அகதித் தஞ்சம் ஏற்கெனவே கிடைத்துவிட்டதா? அப்படியானால் அட்டை முடிந்தாலும் வேலை செய்யும் உரிமை முடியாது. ஐ-9 படிவத்துக்கு ஓட்டுநர் உரிமமும், கட்டுப்பாடு அச்சிடப்படாத சோசல் செக்யூரிட்டி அட்டையும் போதும். இந்த அட்டைதான் வேணும் எண்டு முதலாளி பிடிவாதம் பிடிக்க முடியாது. பிடித்தால் நீதித்துறையின் 1-800-255-7688 இலக்கத்தில் இலவசமாகப் பேசலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். முறைப்பாட்டை 180 நாட்களுக்குள் கொடுக்கவேணும்.

தஞ்சம் கேட்டு இன்னும் முடிவு வராதவர் நிலைமை வேறு. அவருக்கு அட்டை கட்டாயம். 2025 அக்டோபர் 30 முதல் கொடுக்கும் புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்கு, முன்பிருந்த 540 நாள் தானியங்கி நீட்டிப்பு பெரும்பாலானோருக்கு இல்லை. அட்டை முடிய 180 நாள் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடச் சொல்லுங்கோ.

2. என்ன சம்பளத்துக்கு?

அவருக்குக் கொடுத்ததைவிடக் குறைத்துத் தந்தால், உங்களை வைத்து அவரை வெட்டுகிறார்கள் எண்டு அர்த்தம். நாளைக்கு உங்களைவிட மலிவாக ஒருவர் வருவார். சம்பளத்தைப் பற்றிக் கூட வேலை செய்பவரோடு பேச, தனியார் துறையில் பெரும்பாலானோருக்கு 1935ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. அவரிடமே கேளுங்கோ.

3. அவருக்குத் தெரியுமா?

இதுதான் மிகக் கஷ்டமானது. "அவருக்குச் சொல்லவேண்டாம்" எண்டு முதலாளி சொன்னால், "ஒருநாள் அவகாசம் தாங்கோ" எண்டு கேளுங்கோ. அண்டைக்கே கூட்டாளியிடம் போய்ச் சொல்லுங்கோ. அவர் கோபப்படலாம். ஆனால் வேலை தேட அவருக்கு நாள் கிடைக்கும். எச்-1பி விசாவில் உள்ளவருக்கு வேலை போனபின் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அவருக்கு முன்கூட்டியே தெரிகிற ஒரு கிழமையும் பெரிய உதவி.

அவரைப் பற்றி முதலாளியிடம் குறை சொல்லி அந்த வேலையை வாங்கினால், அதற்கு நியாயம் தேடவேண்டாம். அது பிழைதான். அவர் எப்படியும் போகப்போகிறார், காரணமும் சட்டப்படி சரி, அவருக்கும் சொல்லிவிட்டீர்கள் எண்டால் வேலையை எடுங்கோ. எடுத்தபின் அவருக்கு வேறு இடம் விசாரியுங்கோ, நேர்முகத்துக்குக் காரில் கூட்டிக்கொண்டு போங்கோ. முதல் சம்பளம் வந்ததும், அவர் கேட்குமுன் அவர் வீட்டுக்குச் சமையல் சாமான் வாங்கிக் குடுங்கோ.