ஓட்டலில் ஆள் ஏன் நிற்பதில்லை?

(ஓட்டல் தொழிலாளரும் முதலாளிமார் சிலரும் வந்திருந்த கூட்டத்தில் பேசியது)



எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "ஆள் பற்றாக்குறை" என்பதாகும். சாமி இல்லை, பூதம் இல்லை என்று பேசித் திரிகிறவனைக் கல்லாப்பெட்டி விஷயம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று சிலர் சிரிக்கலாம். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே விஷயந்தான். அது எப்படி என்பதைச் சொல்லுகிறேன்.

இன்றைக்கு எந்த ஊர் ஓட்டலுக்குப் போனாலும் "சப்ளையர் தேவை, மாஸ்டர் தேவை, க்ளீனர் தேவை, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம்" என்று ஓர் அட்டை தொங்குகிறது. அதற்கு மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன. அட்டை மழையிலும் வெயிலிலும் நைந்துபோய்க் கிடக்கிறது. எலுமிச்சம்பழம் மட்டும் வாரா வாரம் புதிதாக வருகிறது. ஆள் வராததற்குத் திருஷ்டி காரணம் என்றால் பழம் கட்டிய பிறகு வந்திருக்கவேண்டாமா?

எனக்குத் தெரிந்த ஒரு முதலாளி, ஆள் நிற்காததற்குக் காரணம் கேட்டு ஜோசியனிடம் போனார். அவன் வாஸ்து தோஷம் என்றான். அடுப்பை அக்கினி மூலைக்குத் தள்ளச் சொன்னான். முதலாளி சுவரை இடித்து, அடுப்பை மாற்றி, அந்த மூலையில் இருந்த ஜன்னலையும் அடைத்தார். தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கிறவருக்கு அதுவரை வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் போயிற்று. அடுத்த மாதமே தோசை மாஸ்டரும் போய்விட்டார். மறுபடியும் ஜோசியனிடம் போனதற்கு, "பீடை ஒழிந்தது, இனிமேல் நல்லகாலம்" என்றானாம்! சுவருக்குச் செலவழித்த பணத்தில் புகையை வெளியே தள்ளும் விசிறி இரண்டு போட்டிருக்கலாம். ஆனால் விசிறி போடச் சொல்ல ஜோசியன் எதற்கு? அடுப்பண்டையில் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தால் போதுமே!

சிறு பிராயத்தில் நானும் ஓர் ஓட்டலில் எச்சில் இலை எடுத்தவன். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்புவார்கள். பகல் மூன்று மணிக்கு மேல் கொஞ்சநேரம் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் படுக்கலாம். மறுபடியும் மாலை நான்கு மணிக்கு நின்றால் இரவு பதினொன்றுக்குத்தான் காலை மடக்கலாம். கணக்குப் புத்தகத்தில் இது எட்டு மணி நேர வேலை, நடுவில் கிடந்த நேரமெல்லாம் "ஓய்வு." கல்லாவுக்கு மேலே அன்னலட்சுமி படத்துக்கு ஊதுவத்தி புகையும். நாங்களோ நாலு பந்திக்கும் பரிமாறிவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டியோரம் குந்தி, ஆறிப்போன மிச்சச் சோற்றைத் தின்போம். அங்கே நான் இருந்தது ஏழு மாதம். விட்டுப் போனதற்குச் சம்பளம் காரணமல்ல. ஒருநாள் தம்ளர் ஒன்று உடைந்ததற்கு, சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் எதிரில் என் தாயைச் சேர்த்துத் திட்டினார்கள். அன்று இரவே துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாள் அந்த முதலாளியும், "இந்தக் காலத்துப் பையன்களுக்கு உழைக்க வணங்கவில்லை" என்றுதான் சொல்லியிருப்பார்.

மானத்துக்காகப் போனவனைச் சோம்பேறி என்று எழுதிவைத்துக்கொண்டால், அடுத்து வருகிறவனும் எப்படி நிற்பான் என்று கேட்கின்றேன்.

நிற்க, இந்தத் தொழிலில் அவமரியாதை எங்கேயிருந்து வந்தது என்பதைப் பார்க்கவேண்டும். இந்த நாட்டில் ஓட்டல் என்பது சோறு விற்கும் இடமாக மட்டும் இருந்ததில்லை; ஜாதியைக் காப்பாற்றும் இடமாகவும் இருந்தது. ரயில்வே உணவுச்சாலைகளில் பார்ப்பனருக்குத் தனியிடம், மற்றவர்க்குத் தனியிடம் என்று இருந்ததை ஒழிக்க 1941 வரையில் போராட வேண்டியிருந்தது. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற ஒரே ஒரு சொல்லை எடுக்கச் செய்வதற்கு மாதக்கணக்கில் மறியல் செய்து, தோழர்கள் சிறை போனார்கள். பலகையில் இருந்த சொல் போயிற்று. சமையலறைக்குள் இருப்பது போயிற்றா? சரக்கு மாஸ்டர் ஒரு படி. சப்ளையர் அதற்குக் கீழே. மேசை துடைக்கிறவர் இன்னும் கீழே. பாத்திரத் தொட்டியில் நிற்கிறவர் எல்லோருக்கும் கீழே. அவரைப் பேர் சொல்லிக்கூட யாரும் கூப்பிடுவதில்லை. அவர் ஒருநாள் வராவிட்டால்தான் கடையே நின்றுபோகும் என்பது இங்கே இருக்கும் முதலாளிகளுக்கு நன்றாகத் தெரியும்! எச்சில் தொடுகிறவன் தாழ்ந்தவன் என்கிற வருணாசிரமப் புத்தியல்லாமல் இதற்கு வேறு என்ன காரணம்?

சட்டமில்லையா என்றால், இருக்கிறது. 1958-லேயே சென்னை ராஜ்யத்தில் உணவு நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டம் செய்தார்கள். நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, வாரத்தில் ஒருநாள் லீவு என்றார்கள். 1972-ஆம் வருஷத்துச் சட்டம், ஐந்து வருஷம் நின்றவருக்குப் பணிக்கொடை உண்டு என்றது. நடப்பது என்ன? சில இடங்களில் நாலே முக்கால் வருஷத்தில் கணக்கை முடித்து அனுப்பிவிட்டு, ஒருமாதம் கழித்துப் புது ஆளாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதாவது நிற்கிறவனையும் நிற்கவிடாமல் செய்கிறார்கள். பிறகு அவர்களே ஆள் நிற்பதில்லை என்று அழுகிறார்கள்!

அட்வான்ஸ் விஷயமும் இப்படித்தான். பரோட்டா மாஸ்டருக்கு முன்பணம் கொடுத்து, ஆதார் அட்டையை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டால் ஓடமாட்டான் என்று நினைக்கிறார்கள். கடனைக் காட்டி மனுஷனைக் கட்டிவைப்பது கொத்தடிமை முறை என்று 1976-இலேயே சட்டம் ஒழித்தாகிவிட்டது. கட்டிவைத்தால் ஓடத்தான் தோன்றும். ஓடுகிறவன் அட்வான்ஸோடுதான் ஓடுவான். பக்கத்து ஓட்டல்காரர் இன்னும் அதிக அட்வான்ஸ் கொடுத்து அவனை வைத்துக்கொள்வார். முதலாளிக்கு முதலாளி மாற்றி மாற்றிக் கொடுக்கும் இந்தப் பணத்தை மாதச் சம்பளத்தில் சேர்த்திருந்தால் அவன் பிள்ளைகுட்டிகளோடு அந்த ஊரிலேயே குடியிருந்திருப்பான்.

வடநாட்டுத் தொழிலாளர் வந்தபோது சில முதலாளிகளுக்கு வெகு சந்தோஷம். "பாஷை தெரியாது, எதிர்த்துப் பேசமாட்டான், கடையிலேயே படுத்துக்கொள்வான்" என்றார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கவனிப்பாரற்ற அந்த மக்கள் நடந்தாவது ஊர் போய்ச் சேர்ந்தார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடவரை அடிக்கிறார்கள் என்று சில பொய்ப் படங்களைப் பரப்பிவிட்டார்கள். ஒரு பொய்யைக் கேட்டே அநேகர் ரயிலேறினார்கள். இங்கே ஒரு மனுஷன்கூடத் தனக்கு உறவாக இல்லை என்று இருந்தபடியால்தானே பொய் அவ்வளவு சீக்கிரம் பலித்தது? அந்தத் தொழிலாளிமேல் எனக்குக் கோபமில்லை. அவனும் ஊரில் ஜாதியாலும் வறுமையாலும் துரத்தப்பட்டு வந்தவன்தான். நம்மாளை மதிக்காத கடையில் அவனுக்கு மட்டும் மதிப்பு எங்கிருந்து வரும்?

இதுவரையில் முதலாளிகளைச் சொன்னதற்குக் கைதட்டினீர்கள். இப்போது உங்களைச் சொல்லுகிறேன். ஐம்பது வயதுச் சப்ளையரை "டேய், தண்ணி கொண்டா" என்கிறவர் யார்? இருபது வயதுப் பையன், கருப்புச் சட்டை போட்டவனும்கூட, அப்படிக் கூப்பிட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். சாம்பார் வரத் தாமதமானால் முதலாளியைக் கூப்பிட்டு அந்த ஆளை நிறுத்தச் சொல்லுகிறோம். நம் மாநாட்டுப் பந்திகளிலேயே இலை எடுத்தவர்கள் சாப்பிட்டார்களா என்று எத்தனை பேர் விசாரித்தோம்? மேடையில் சுயமரியாதை, மேசையில் "டேய்" என்றால் அதை நாணயம் என்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "பெரிய ஓட்டல்காரரைச் சொல்லுகிறீர், நான் சிறு மெஸ் நடத்துகிறவன். அரிசி, காஸ், வாடகை எல்லாம் ஏறிவிட்டது. இரண்டு ஆளுக்குச் சம்பளம் ஏற்ற வழியில்லை. நான் என்ன செய்வது?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. இவரைத் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இவரும் இவர் மனைவியும் அந்த இரண்டு பேரைவிட அதிக நேரம் வேலை செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

தோழரே, சம்பளத்தை இன்றைக்கே ஏற்ற முடியாவிட்டால் முதலாவது கணக்கைத் திறந்து காட்டுங்கள். தேதி தவறாமல் கொடுங்கள். வாரத்தில் ஒருநாள் கடையை அடையுங்கள். அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் அடைக்கவில்லையா? அந்த லீவை முன்கூட்டியே சொல்லுங்கள், அப்போதுதான் அவர் தன் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்க்க முடியும். உட்கார ஒரு முக்காலி போடுங்கள். கடையில் நிற்கிறவர்க்கு இருக்கை தரவேண்டுமென்று 2021-இல் இந்தத் தமிழ்நாட்டிலேயே சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். மெஸ்காரர் அதற்குச் சட்டத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பகல் சாப்பாட்டை நீங்கள் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து, சூடாக இருக்கும்போதே சாப்பிடுங்கள். ஆறு மாதம் கழித்து அவர்கள் இரண்டு பேரும் இருக்கிறார்களா என்று எனக்கு ஒரு கார்டு எழுதுங்கள். இல்லையென்று எழுதினாலும் சரி, இதே பத்திரிகையில் அதையும் போடச் சொல்லுகிறேன்.