ஏறுறதைப் பாக்காதீங்க, இறங்குறதைப் பாருங்க: ஏற்காட்டுக்கு ஒரு பழைய குட்டி யானை

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியா சில இடங்கள்ல சுருக்கியிருக்கு.)

இன்னைக்கு கோடிங் பேச்சு இல்ல. வண்டிப் பேச்சு. ஏற்காட்டுல எங்க சித்தப்பாவுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் சின்ன லோடு வண்டி தேடுனோம். ரெண்டு மாசம் சனி, ஞாயிறு எல்லாம் அதுலயே போச்சு. மலைல வேலைக்குன்னு வண்டி தேடுற யாருக்காவது இது உதவும்னுதான் பேசுறேன்.

சித்தப்பாவுக்கு நாகலூர் பக்கம் கொஞ்சம் காபி, மிளகு, நடுவுல ஆரஞ்சு, பலா. சரக்கு சேலத்துக்கு இறங்கணும், உரமும் சாக்கும் மேல ஏறணும். இவ்வளவு நாளா வாடகை வண்டிதான். ஒரு நடைக்கு 2,200 ரூபாய், வருஷத்துக்கு ஒரு 70 நடை. 1,54,000 ரூபாய் ஆகுது. சொந்த வண்டின்னா டீசல் 35,000, இன்சூரன்ஸ், எஃப்.சி, டேக்ஸ் எல்லாம் சேத்து 30,000, ரிப்பேர், டயருக்கு 35,000. ஆக ஒரு லட்சம். மிச்சம் 54,000. அப்ப ரெண்டரை லட்சத்துக்கு வண்டி வாங்குனா, போட்ட காசு திரும்ப நாலரை, அஞ்சு வருஷம் ஆகும்.

இதைக் கேட்டா பெரிய லாபமா தெரியாது. ஆனா டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் காபிப் பழம் எடுக்கிற சீசன். எல்லாருக்கும் ஒரே நேரத்துல வண்டி வேணும். வண்டி கிடைக்காத நாள்ல, வாசலுக்கு வர்ற வியாபாரி சொல்றதுதான் விலை. சித்தப்பா சொன்னது இதுதான்: "எனக்கு வண்டி வேணும்னு இல்லடா. வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு வழி வேணும்."

சரி, எந்த வண்டி?

2005-ல டாடா ஏஸ் வந்தப்பதான் இந்த அளவு லோடு வண்டி நம்ம ஊர்ல பரவலாச்சு. நாம வெச்ச பேரு குட்டி யானை. பழைய ஏஸ்ல 702 சி.சி, ரெண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன். முக்கால் டன் ஏத்தலாம். டர்போ கிடையாது. அதனால எந்தச் சின்ன ஒர்க்‌ஷாப்லயும் பிரிச்சு மாட்டிடுவாங்க. அடுத்தது அசோக் லேலண்ட் தோஸ்த். 2011-ல வந்தது, ஓசூர்ல செய்றாங்க. ஒன்னேகால் டன், டர்போ எஞ்சின். மலைக்கு அருமை. ஆனா நல்ல நிலைமைல இருக்கிற தோஸ்த் எங்க பட்ஜெட்டுக்குள்ள வரல. மஹிந்திரா பிக்கப்பும் அப்படித்தான். 2016-ல வந்த மாருதி சூப்பர் கேரி ஒண்ணு, ரெண்டு பாத்தோம், பிடிக்கல. கடைசில சுத்திச் சுத்தி குட்டி யானைதான்.

இப்ப கொஞ்சம் பிசிக்ஸ். பயப்படாதீங்க, பிளஸ் ஒன் கணக்குதான்.

சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர் உயரத்துல இருக்கு. ஏற்காடு 1,500 மீட்டர். அப்ப 1,200 மீட்டருக்கு மேல ஏறணும், 20 கொண்டை ஊசி வளைவு. லோடோட ஒன்றரை டன் இருக்கிற ஏஸை அவ்வளவு உயரம் தூக்க ஆகுற ஆற்றல், சுமார் 5 யூனிட் கரண்ட். 16 குதிரைத்திறனையும் முழுசா அதுக்கே குடுத்தாக்கூட, தூக்குறதுக்கு மட்டும் 25 நிமிஷம் ஆகும். மேல போகப் போகக் காத்து லேசாகும். ஏற்காட்டுல காத்தோட அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு மூச்சு வாங்கும். அதனால ஏத்தத்துல மெதுவாதான் போகும். போகட்டும், பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான், அவ்வளவுதான்.

இப்ப இதையே திருப்பிப் பாருங்க. இறங்குறப்ப அதே 5 யூனிட்டும் எங்கயாவது போயாகணும். ஒண்ணு எஞ்சின் வாங்கிக்கணும், இல்ல பிரேக் வாங்கிக்கணும். செகண்ட் கியர்ல போட்டு இறக்குனா பெரும்பங்கை எஞ்சின் பாத்துக்கும். நியூட்ரல்ல விட்டா பெரும்பங்கும் பிரேக்குக்குத்தான். லைனர் சூடேறுனா பிடிமானம் குறையும். பிரேக் ஆயில் கொதிச்சா பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. நம்ம சரக்கு கீழதானே இறங்குது? லோடோட இறங்குற வண்டி இது. அதனால இறக்கத்துல எப்படின்னுதான் முதல்ல பாக்கணும்.

நாங்க பாத்த முதல் வண்டி 2012 மாடல், 1,40,000 ரூபாய். "ஏத்தத்துல விட்டுப் பாருங்க தம்பி, குதிரை மாதிரி போகும்"னு சொன்னாரு ஓனர். உண்மைதான், போச்சு. மேல போய்த் திருப்பி, செகண்ட் கியர்ல இறக்குனோம். ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்த கொஞ்ச நேரத்துல, கியர் தானா கழண்டு நியூட்ரலுக்கு வந்துடுச்சு. மறுபடி போட்டோம், மறுபடி கழண்டுச்சு. சமதரைல ஒரு நாள் முழுக்க ஓட்டுனாலும் இது தெரிஞ்சிருக்காது. அந்த வண்டி வேண்டாம்னு அங்கயே முடிவு பண்ணிட்டோம்.

அதனால என்னோட லிஸ்ட் இது. ஒண்ணு, கூட ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. சேலம், சங்ககிரி, நாமக்கல்னு லாரித் தொழில்லயே வாழுற ஊருங்க நம்மளுது, ஆளுக்குப் பஞ்சமில்ல. ரெண்டு, காலைல வண்டி ஆறி இருக்கிறப்பவே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. சூடு பண்ணி வெச்சிருந்தா சந்தேகப்படுங்க. மூணு, எஞ்சின் ஓடுறப்ப ஆயில் மூடியைத் திறங்க. குபுகுபுன்னு புகை வந்தா பேக் கம்ப்ரஷன், எஞ்சின் வேலை காத்திருக்கு. நாலு, கீழ குனிஞ்சு ஸ்பிரிங் பட்டையை எண்ணுங்க. கம்பெனி குடுத்ததுக்கு மேல பட்டை சேத்திருந்தா ஓவர்லோடு அடிச்ச வண்டி. சேஸ்ல வெல்டிங் இருக்கான்னும் பாருங்க. அஞ்சு, ஓடுன கிலோமீட்டர் மீட்டரை நம்பாதீங்க. பெடல் ரப்பரும் ஸ்டியரிங்கும் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாத்தா உண்மை தெரியும். ஆறு, லோடு ஏத்தி, மலைல இறக்கிப் பாருங்க. ஓனர் ஒத்துக்கலன்னா, டீசலுக்கு நான் தரேன்னு சொல்லுங்க. அப்பவும் மாட்டேன்னா கிளம்பிடுங்க.

அடுத்து பேப்பர். எம்-பரிவாஹன் ஆப்ல நம்பர் போட்டா எஃப்.சி எப்ப முடியுது, இன்சூரன்ஸ் இருக்கா, ஃபைனான்ஸ் நிக்குதான்னு தெரியும். கடன் அடைச்சாச்சுன்னு வாயால சொன்னா போதாது. ஃபைனான்ஸ் என்.ஓ.சி-யும் ஃபாரம் 35-ம் கையில வாங்குங்க. எட்டு வருஷம் தாண்டுன வண்டின்னா வருஷா வருஷம் எஃப்.சி, அந்தச் செலவையும் கணக்குல வைங்க. பேர் மாத்த 29, 30 ஃபாரம். வாங்குனவர் 30 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும், இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள மாத்தச் சொல்லணும். விக்கிறவங்களும் கேட்டுக்கங்க: 2018-ல நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவாச் சொல்லிடுச்சு. வண்டி கை மாறியிருந்தாலும், ஆர்.சி-ல யார் பேரோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு.

லைசன்ஸ் விஷயத்துல ஒரு நல்ல சேதி. கார் ஓட்டுற எல்.எம்.வி லைசன்ஸே இந்த வண்டிக்குப் போதும். 2024 நவம்பர்ல அரசியல் சாசன அமர்வே அதை உறுதி பண்ணிடுச்சு. எடை 3,000 கிலோவுக்குள்ள இருக்கிறதால பர்மிட்டும் தேவையில்ல.

கடைசியா, எனக்கு இதுலயே முக்கியமாப் படுற விஷயம். வண்டி வருதுன்னதும் சித்தி கேட்டாங்க, "பழம் எடுக்க வர்ற பொம்பளைங்கள பின்னாடி ஏத்திட்டு வந்துடலாம்ல?" தப்பா கேக்கல. நேரத்துக்கு பஸ் கிடையாது, காலைல அவங்க நடக்கிற தூரம் எனக்குத் தெரியும். மலைல எல்லாரும் செய்றதும் அதான்.

ஆனா ஏஸ்ல டிரைவரோட சேத்து ரெண்டு பேருக்குத்தான் இடம். சரக்கு வண்டில சும்மா ஏத்திட்டுப் போற ஆளுங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லன்னு 2002-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. சரக்கோட ஓனர் இல்ல அவரோட ஆள் சரக்கோட வந்தா மட்டும்தான் சட்டத்துல இடம். சட்டத்தை விடுங்க. பின்னாடி நிக்கிறவங்களுக்குப் பிடிக்க ஒரு கம்பி கிடையாது. வளைவுல ஆளுங்க ஒரு பக்கம் சாஞ்சா வண்டியும் அந்தப் பக்கம்தான் சாயும்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாரு, "வாடகைல மிச்சமாகுற காசுல, சீசனுக்கு மட்டும் ஒரு ஷேர் ஜீப் பேசிக்கலாம்." அப்ப என்னோட 54,000 கணக்குல ஒரு பகுதி போயிடும். போகட்டும். அந்தச் செலவையும் சேத்துப் போட்டாத்தான் அது முழுக் கணக்கு.

கடைசில 2016 மாடல் ஏஸ் ஒண்ணு, 2,35,000 ரூபாய்க்கு முடிஞ்சுது. வாங்குனதும் முதல் வேலையா லைனர், வீல் சிலிண்டர், பிரேக் ஆயில் எல்லாம் மாத்தினோம், இன்னொரு 18,000. பாட்டு சிஸ்டம் அப்புறம் போட்டுக்கலாம்னு விட்டாச்சு.

நீங்க மலைல லோடு வண்டி ஓட்டுறவரா இருந்தா, நான் விட்டுட்ட செக்கிங் என்னன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். இறங்குறப்ப செகண்ட் கியர்.