உரிமை வரமல்ல!
(ஆம்பூரில் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



வல்லரசுகள் பிற நாட்டாரின் மனித உரிமையைப் பற்றிப் பேசலாமா என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட விஷயம். "அந்நியனுக்கு நம் வீட்டுக் காரியத்தில் என்ன வேலை?" என்று நம் தேசபக்தர்கள் கேட்கிறார்கள். 1927-இல் மேயோ என்ற அமெரிக்க அம்மையார் இந்நாட்டுக் குழந்தை மணத்தையும் தீண்டாமையையும் பற்றி எழுதியபோதும் இதே கூச்சல்தான். அந்த அம்மையார் வெள்ளையன் ஆட்சிக்கு வக்காலத்து வாங்கியது மெய்யே. அதனால் தீண்டாமை பொய்யாகி விட்டதா? ஆகையால் சொன்னது மெய்யா என்று முதலில் பாருங்கள். பிறகு சொன்னவன் யோக்கியதையையும் பாருங்கள்.

நம் தோலையே எடுத்துக் கொள்வோம். 1989-இல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற நஞ்சைத் தடை செய்தது. பின்னர் சிலவகைச் சாயங்களையும் தடுத்தது. நம் தோல் ஷாப்புகளும் மருந்தை மாற்றிக் கொண்டன. எதற்காக? அங்கே ஷூ போடுகிறவன் உடம்பு கெடக் கூடாது என்பதற்காக. பாலாறும் கிணறுகளும் கெட்டதற்காக எந்தத் துறைமுகத்திலும் நம் சரக்கை யாரும் திருப்பி அனுப்பவில்லை. அதற்கு நம் வேலூர் மக்களே வழக்குத் தொடுத்து, 1996-இல் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் 2015-இல் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மாண்டார்கள்.

2023-இல் ஜெர்மனியில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. பெரிய கம்பெனிகள் தமக்குச் சரக்குக் கொடுப்பவரிடத்தில் மனித உரிமை கெடாமல் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் ஜெர்மன் சர்க்காரிடமே முறையிடலாம். நல்லதுதான். ஆனால் நேரே சரக்கு அனுப்பும் முதலாளியைத்தான் அச்சட்டம் முதலில் பார்க்கிறது. வீட்டுத் திண்ணையில் ஜோடிக்கு இத்தனை காசு என்று ஷூ அப்பர் தைக்கும் நம் பெண்கள், புகார் எழுந்தால்தான் அதன் கண்ணில் படுவார்கள். அந்தச் சட்டத்தையும் நீக்கி வேறொன்று கொண்டு வருவதாக 2025-இல் அந்நாட்டுப் புது ஆட்சி சொல்லிவிட்டது. கொடுத்தவன் எடுத்துக் கொள்ளுகிறான்!

ஊருக்கு உபதேசம் செய்யும் அமெரிக்காவோ, சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 10 அடிப்படை ஒப்பந்தங்களில் இரண்டைத்தான் ஏற்றிருக்கிறது. நம் சர்க்கார் மட்டும் யோக்கியமா? சங்கம் சேரும் உரிமை, சங்கமாகக் கூலி பேசும் உரிமை ஆகிய இரண்டு ஒப்பந்தங்களையும் இன்னும் ஏற்கவில்லை. தோலைத் தொட்டவனைத் தீண்டக் கூடாதவன் என்று ஒதுக்கிய நாடு இது. அந்தத் தோலை விற்று வரும் பணத்துக்கு மட்டும் தீட்டில்லை!

ஆகவே தோழர்களே! அந்நியன் சட்டத்தை அளவுகோலாக எடுத்துக் கொள்ளுங்கள். வரமாக எடுத்துக் கொள்ளாதீர்கள். கோயில் சாமியிடம் வரம் கேட்பதை விட்ட நாம், பெர்லினில் புதுச்சாமி தேடலாமா? புகாரில் கையெழுத்துப் போட்ட பெண்ணுக்கு மறுநாள் வேலை போனால், அவளுக்காக ஷாப்பு வாசலில் நிற்கப் போவது ஜெர்மன் அதிகாரியல்ல, நீங்கள்தான். நிற்பீர்களா என்பதே கேள்வி.