நானும் ஒரு டைரக்டர்!

(‘கடன்பட்ட கம்பெனியை மூடிவிட்டுப் புதுக் கம்பெனி தொடங்குவது சாமர்த்தியமா? துரோகமா?’ என்ற தலைப்பில் திருப்பூரில் நடந்த அரங்கத்தில், ‘துரோகமே’ என்ற அணியில் பேசிய இல்லத்தரசி ஒருவரின் உரை.)

நடுவர் அவர்களே! எதிரணியில் உட்கார்ந்திருக்கிற சாமர்த்தியசாலிகளே! (சிரிப்பு) சபையோர்களே!

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். ஆனா நானும் ஒரு டைரக்டர். சினிமா டைரக்டர் இல்லீங்க, பனியன் கம்பெனி டைரக்டர். (சிரிப்பு) பிரைவேட் லிமிடெட்னா குறைஞ்சது ரெண்டு டைரக்டர் வேணுமாம். ஒருத்தர் எங்க வீட்டுக்காரர். இன்னொருத்தருக்கு எங்கே போறது? அடுப்படியில நிக்கறாளே ஒருத்தி! “இங்க ஒரு கையெழுத்துப் போடு புள்ள”ன்னார். தோசைக் கரண்டியைக் கீழே வெச்சுட்டு, ஈரக் கையைச் சேலையில துடைச்சுக்கிட்டு, அவர் விரல் வெச்ச இடத்துல எல்லாம் போட்டேன்.

நடுவர்: படிச்சுப் பார்க்கலையாம்மா?

கல்யாணப் பத்திரிகையையே படிக்காமக் கழுத்தை நீட்டினவளுங்க நான். (பலத்த சிரிப்பு)

எதிரணித் தம்பி சாலமன் வழக்கைச் சொன்னார். லண்டன்ல பூட்ஸ் செஞ்சு வித்தவர் சாலமன். தன் தொழிலைக் கம்பெனி ஆக்கினார். 20,007 பங்குல 20,001 அவருக்கு. மனைவிக்கு ஒண்ணு, அஞ்சு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒண்ணு. கம்பெனி நொடிச்சுப் போச்சு. ‘கம்பெனி வேற ஆள், சாலமன் வேற ஆள்’னு 1896-ல தீர்ப்பு வந்தது. அதனால கம்பெனி செத்தா கடனும் செத்துதுன்னு தம்பி முடிச்சுட்டார். அந்த வழக்குல ஈடு இல்லாம சரக்கைக் கடனா கொடுத்தவங்களுக்கு ஒரு காசு கிடைக்கலைங்கறதைத் தம்பி சொல்லலை. நேரம் போதலை போலிருக்கு. (கைதட்டல்)

சரி, கடன் செத்துதா? நான் போட்ட கையெழுத்துல ஒண்ணு பேங்குக்குப் போச்சு. அதுக்குப் பேர் பர்சனல் கேரண்டி. நம்ம பாஷையில ஜாமீன். கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு ஜாமீன் போட்டவருக்கும் உண்டுன்னு 1872-லயே ஒப்பந்தச் சட்டம் சொல்லியிருக்கு. திவால் சட்டப்படி கம்பெனிக் கடனுக்கு ஒரு தீர்வுத் திட்டம் ஏற்பட்டாக்கூட, அதனாலேயே ஜாமீன் போட்டவர் விடுபட முடியாதுன்னு 2021-ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. லிமிடெட் எல்லாம் போர்டுலதாங்க. எங்க வீட்டு வாசல் வரைக்கும் அது வரலை.

2021, 22-ல நூல் விலை ஏறினது இந்த ஊருக்கே தெரியும். பழைய விலைக்கு ஆர்டர் எடுத்துட்டு, புது விலைக்கு நூல் வாங்கி, ஒவ்வொரு பீஸுக்கும் கைக்காசு போட்டு அனுப்பினோம். பேங்குக்கு முப்பத்தெட்டு லட்சம் பாக்கி. அப்போ ஒரு ஆலோசகர் வந்தார். “மெஷினையெல்லாம் பையன் பேர்ல புதுக் கம்பெனிக்கு அடிமாட்டு விலைக்கு மாத்துங்க. அதே ஷெட், அதே ஆளுங்க, போர்டு மட்டும் புதுசு. யார் வந்து கேட்டாலும் அது வேற கம்பெனின்னு சொல்லிடுங்க”ன்னார். காபி குடிச்சுட்டுத்தான் போனார்.

எங்க பொண்ணு சி.ஏ. படிக்குது. அதுதான் அப்பாவை உட்கார வெச்சுச் சொல்லுச்சு. மெஷின் பேங்குக்கு ஈடா இருக்கு, பேங்கைக் கேக்காம நகர்த்த முடியாது. கம்பெனிப் பேரை நீக்கச் சொல்லி மனுப் போடணும்னா முதல்ல கடனையெல்லாம் தீர்த்திருக்கணும். அப்படியே நீக்கினாலும், பாக்கி வரவேண்டியவர் இருபது வருஷம் வரைக்கும் தீர்ப்பாயத்துக்குப் போய் அதை உயிரோட எழுப்பலாம். ஏமாத்தறதுக்குன்னே தொழில் நடத்தினது நிரூபணமானா டைரக்டர் சொந்தக் காசுல கட்டணும். “அப்படின்னா அம்மாவும்தாம்ப்பா”ன்னுச்சு. அவர் என்னை அப்பத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

நடுவர்: உங்க வீட்டுக்காரர் வந்திருக்காராம்மா?

மூணாவது வரிசையில, குனிஞ்சு உட்கார்ந்திருக்காரே, அவர்தாங்க. (சிரிப்பு, கைதட்டல்)

கம்பெனியை மூடறதே துரோகம்னு நான் சொல்லலைங்க. நஷ்டம் யாருக்கும் வரும். ஆனா யாரை விட்டுட்டு மூடறோம்? நான் பால் கணக்கு நோட்டுல எழுதிப் பார்த்தேன். பேங்கைத் தவிர பதினோரு பேர். லேபிள்காரர், பாலிபேக் கடை, வேன்காரர், எங்களுக்குக் காஜா பட்டன் போட்டுக் கொடுத்த ஒரு அக்கா. முறைப்படி திவாலாக்கினாலும் ஒரு வரிசை இருக்கு. பேங்கும் தொழிலாளிகளோட ரெண்டு வருஷச் சம்பளமும் முன்னாடி. அந்த அக்கா வீட்டுல மெஷின் போட்டு ஜாப் ஒர்க் பண்றவங்க, தொழிலாளிக் கணக்குல வரமாட்டாங்க. கடைசியில நிக்கணும்.

அவங்களுக்கு நாப்பத்து மூவாயிரம் தரணும். அந்த மெஷினை மகளிர் குழுக் கடன்ல வாங்கியிருக்காங்க. ஒருநாள் வந்தாங்க. சத்தம் போடலை. “குழுவுக்குக் கட்டணும் கண்ணு, இந்த வாரத்துக்கு மட்டும் ஆயிரம் ரூபா குடு”ன்னாங்க. அவங்க கட்டலைன்னா குழுவுல மத்தவங்க கட்டணும். அவங்களுக்கு லிமிடெட் இல்லீங்க. இந்த அக்கா கிட்டே போய், ‘அது வேற கம்பெனி’ன்னு நான் சொல்லணுமா? (நீண்ட கைதட்டல்)

பல்லடம் ரோட்டுல பொண்ணு கல்யாணத்துக்குன்னு ஒரு இடம் வெச்சிருந்தோம். அதை வித்தோம். பேங்கோட பேசி ஒரே தவணையில முடிச்சோம். அவர் இன்னொரு கம்பெனியில சூப்பர்வைசரா வேலைக்குப் போறார். முதலாளியா இருந்தவர் டிபன் பாக்ஸ் தூக்கிக்கிட்டுப் போறது கஷ்டந்தாங்க, இல்லேன்னு சொல்லலை. பதினோரு பேர்ல ஒம்பது பேருக்கு முடிஞ்சுது. அந்த அக்காவுக்குத்தான் முதல்ல கொடுத்தோம். இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. அதனால கம்பெனியை இன்னும் மூடலை. தொழிலே இல்லேன்னாலும் வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் பண்றோம்.

இப்போ பையன் புதுசாத் தொடங்கணும்கறான். மறுபடியும் ஒரு ஃபாரம் வந்துச்சு. ரெண்டாவது டைரக்டர் யாரு? நானேதான்! (சிரிப்பு) மூணு நாள் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிச்சேன். அந்த ரெண்டு பேர் கணக்கு முடியட்டும், அப்புறம் போடறேன்னு சொல்லிட்டேன். ஃபாரம் ஃப்ரிட்ஜ் மேலதான் இருக்கு. மணி அடிச்சுட்டீங்க. வர்றேனுங்க, வணக்கம்.

(கைதட்டல்)