முதுகலைப் படிப்பும் நம் சமுதாயமும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இச்சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுப் பணியைப் பாராட்டிப் பேச அறிஞர் பலர் இங்கு வந்துள்ளனர். ஆசிரியன் என்ற முறையில், இளைஞர்களிடம் ஒரே ஒரு செய்தியைக் கூற விழைகின்றேன். இளங்கலை முடித்த நம் பிள்ளைகளில் சிலரேனும் பொருளாதாரம், சமூகவியல், அரசியல் அறிவியல், வரலாறு, மானிடவியல் ஆகிய சமூக அறிவியல் துறைகளில் முதுகலைப் பட்டம் பெறுதல் வேண்டும் என்பதே அச்செய்தி.

"எம்.ஏ. படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று பெற்றோர் கேட்கின்றனர். இக்கேள்வியை நான் இகழமாட்டேன். நானும் இளங்கலையோடு கல்வியியல் பயின்று, குடும்பத்துக்கு ஊதியம் உடனே தேவைப்பட்டமையால் பணியில் சேர்ந்தவன். கூலி வேலை செய்து பிள்ளையைப் பட்டதாரியாக்கிய வீட்டார், மேலும் இரண்டு ஆண்டுகள் வருமானமின்றிக் காத்திருப்பது எளிதன்று. ஆகவே அக்கேள்விக்கே முதலில் விடை கூறுகின்றேன்.

முதுகலையோடு பி.எட். பட்டமும் பெற்றோர் மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியர் ஆகலாம். 'நெட்' அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் வென்றோர் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். பொருளாதாரத்தில் முதுகலை பெற்றோர்க்கு இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு உண்டு. குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடங்களிலும் இத்துறைகள் இடம் பெற்றுள்ளன. 'நெட்' எழுதப் பொதுப் பிரிவினர் முதுகலையில் 55 விழுக்காடு பெற்றிருத்தல் வேண்டும். நம் மாணவர்க்கு அது 50 விழுக்காடு. எனவே, தேறினால் போதும் என்று கருதிப் படித்தலாகாது.

ஆயினும், வேலைக்காக மட்டும் இப்படிப்பை நான் பரிந்துரைக்கவில்லை. நம் மக்கள் பட்ட துன்பத்தை நம்மில் அறியாதார் எவரும் இலர். ஆனால் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும், "சான்று எங்கே? கணக்கு எங்கே?" என்றே கேட்கின்றனர். நாம் பட்டறிந்ததைப் பிறர் மறுக்கவொண்ணாத சான்றாக்கும் பயிற்சியே சமூக அறிவியல்.

மூன்று சான்றுகள் கூறுகின்றேன். 1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர், நம் முன்னோரின் நிலையை நேரில் ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை எழுதினார். நிலமின்மையே அவர்தம் அடிமை நிலைக்கு ஆணிவேர் என்று அது காட்டியது. அதன் பயனாக 1892இல் பிறந்த ஆணையினின்றே பஞ்சமி நிலங்கள் தோன்றின. ஓர் ஆய்வறிக்கை நமக்கு நிலத்தையே பெற்றுத் தந்தது. ஆனால் அதை எழுதியவர் அயல்நாட்டார். நாம் ஆராயப்பட்டவர்களாக மட்டுமே இருந்தோம்.

அந்நிலையை மாற்றியவர் அண்ணல் அம்பேத்கர். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்று, பொருளாதாரத்தை முதன்மைப் பாடமாகவும் சமூகவியல், வரலாறு, மானிடவியல் முதலியவற்றைத் துணையாகவும் பயின்று, 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு மே 9ஆம் நாள், அங்கே மானிடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை படித்தார். அகமண முறையே சாதியின் உயிர்நிலை என்று அதில் நிறுவினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. 1919இல் வாக்குரிமை பற்றி விசாரித்த சௌத்பரோ குழுவின் முன் அவர் நின்றபோது, இரக்கம் வேண்டி நிற்கவில்லை. கற்ற கல்வியின் துணையோடு, தீண்டப்படாதார்க்குரிய பிரதிநிதித்துவத்தைக் கேட்டார்.

மூன்றாவது சான்று நம் காலத்தது. பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல் என்பாரும் தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினர். பெயர்கள் மட்டும் சாதியைக் குறிக்கும் வகையில் வேறுபட்டன. தலித் பெயர் தாங்கிய விண்ணப்பங்களுக்கு அழைப்புக் குறைவாகவே வந்தது. 2007இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பின், "தனியார் துறையில் தகுதி ஒன்றே பார்க்கப்படுகிறது" என்று கூறுவோர் அதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

இளைஞர்களே! நம் ஊரிலேயே எத்தனை கேள்விகள் காத்துக் கிடக்கின்றன! ஊர்த் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்த ஆண்டு எது? நம் காலனிக்கு வந்த ஆண்டு எது? எத்தனை வீடுகளுக்குப் பட்டா உண்டு? பஞ்சமி நிலம் இன்று யார் கையில் உள்ளது? நம் பெண் குழந்தைகள் எந்த வகுப்போடு பள்ளியை விட்டு நிற்கின்றனர்? இவற்றுள் ஒன்றை உங்கள் முதுகலை ஆய்வேட்டுக்குப் பொருளாக்குங்கள். அதற்குப் புள்ளியியலும் ஆங்கிலமும் இன்றியமையாதன. அவற்றை இளங்கலையிலேயே தொடங்குதல் நலம்.

சமூகவியல், அரசியல் அறிவியல் போன்ற பாடங்களில், வேறு பாடத்தில் இளங்கலை பெற்றவரையும் பல பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்கின்றன. சென்னை, மதுரை காமராசர் பல்கலைக்கழகங்களோடு நின்றுவிடாதீர். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், ஐதராபாத் பல்கலைக்கழகம், தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஆகியவற்றுக்கும் விண்ணப்பியுங்கள். அங்கெல்லாம் நமக்கு இடஒதுக்கீடு உண்டு.

உதவித்தொகை பற்றியும் விழிப்பு வேண்டும். பள்ளிப்படிப்புக்கு மேற்பட்ட கல்விக்கான உதவித்தொகை 1944ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. அயல்நாட்டுக் கல்விக்கும் மத்திய அரசின் உதவித்தொகை உண்டு. ஆனால் 2022இல் வெளியான அதன் விதிமுறைகளில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுப் பொருள்கள் விலக்கப்பட்டன. 1916இல் அண்ணல் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இவ்விதியின்கீழ் இடமிராது. நாம் எதைப் படித்தல் கூடாது என்று பிறர் வரையறுக்கும்போது, அப்படிப்பின் வலிமை எத்தகையது என்பதை உணருங்கள்.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு இருவரை, அவருள் ஒருவர் பெண்ணாக, தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகளுக்கு விடுதிச் செலவும் நூற்செலவும் பயணச் செலவும் தாருங்கள். அரசின் உதவித்தொகை கைக்கு வரத் தாமதமாகும் மாதங்களில்தான் நம் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடுகின்றனர். அம்மாதங்களில் சங்கம் கைகொடுத்தால், பொன் விழாவுக்குள் ஐம்பது முதுகலைப் பட்டதாரிகள் நம்மிடையே இருப்பர். நம்மைப் பற்றிய நூல்களை அவர்களே எழுதுவர்.

வாழ்க சங்கம்! வளர்க அதன் கல்விப்பணி!