முதலில் ஓடி வருபவர் நாமே
(தோட்டக் கிளைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனசைப் பற்றியும் பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று உயிரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பொழுது விடியுமுன் நெற்றி விளக்கோடு மரம் வெட்டப் போகும் ஒருவரைப் பாம்பு தீண்டிவிட்டால், அவரிடம் முதலில் வந்து சேருகிறவர் யார்? டாக்டர் அல்ல, ஆம்புலன்சும் அல்ல. பக்கத்து நிரையில் வேலை செய்யும் நம்மில் ஒருவர்தான். பட்டணத்தில் ஆம்புலன்ஸ்காரர் செய்யும் முதல் வேலையைத் தோட்டத்தில் நாம்தான் செய்தாக வேண்டும். அதைச் செய்யக் கற்றிருக்கிறோமா என்பதே இன்றைய கேள்வி.

முதலில் நம் எதிரியை அறிவோம். கெடா, பெர்லிஸ், பினாங்கு முதலிய வட மாநிலங்களின் ரப்பர்க் காடுகளில் அதிகம் கடிப்பது குழிவிரியன். மலாய்க்காரர்கள் இதை ‘காப்பாக் போடோ’ என்பார்கள். உதிர்ந்த இலைகளின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும், ஆள் வந்தாலும் விலகி ஓடாது, மிதித்தால் கடிக்கும். அதனால்தான் கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும் விழுகிறது. நாகமும் கட்டுவிரியனும் நாடெங்கும் உண்டு. நம் பாட்டன்மார் ஊரில் கண்டு பயந்த கண்ணாடி விரியன் இந்த மண்ணில் இல்லை. ஆகவே ஊர்ப் பாம்புக்கு என்று சொல்லிவைத்த வைத்தியத்தை இங்கே கொண்டுவந்து பார்ப்பது பயன் தராது.

“மந்திரித்தேன், பிழைத்தான்” என்று சொல்வோர் நம் லயங்களில் இன்னும் உண்டு. அவர்கள் பொய் சொல்வதாக நாம் சொல்லவில்லை. ஆனால் காரணம் வேறு. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட், பாம்பு கடித்து வந்த நோயாளிகளை நூற்றுக்கணக்கில் ஆராய்ந்து, 1963இல் முடிவுகளை வெளியிட்டார். கடிபட்டவர்களில் பலருக்கு விஷம் சிறிதளவே ஏறியிருந்தது; சிலருக்கு ஏறவே இல்லை. அப்படிப்பட்டவர் எந்த வேர் தின்றாலும் பிழைப்பார். ஒன்றும் தின்னாவிட்டாலும் பிழைப்பார். ஆனால் விஷம் முழுதாக ஏறியவரை எந்த மந்திரமும் காப்பாற்றியதில்லை. யாருக்கு ஏறியிருக்கிறது என்பதைக் கடித்த நிமிடத்தில் எவராலும் சொல்ல முடியாது. ஆகையால் எல்லோரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

செய்யக்கூடாதவற்றைச் சொல்கிறோம், காரணத்தோடு கேளுங்கள். உளியால் கீறக்கூடாது. குழிவிரியன் விஷம் இரத்தத்தை உறையவிடாது. கீறிய இடத்தில் இரத்தம் நிற்காமல் வடியும். கயிறு போட்டு இறுக்கிக் கட்டக்கூடாது. இந்த விஷம் கடிவாயின் சதையை அழுகச் செய்யும். கட்டுப் போட்டால் விஷமும் அங்கேயே தேங்கும், நல்ல இரத்தமும் போகாது. பிழைத்தவர் காலை இழப்பார். வாயால் உறிஞ்சக்கூடாது, பச்சிலை, சாராயம், ஐஸ் எதுவும் வேண்டாம். பாம்பைத் தேடி அடிக்கப் போவதும் வேண்டாம். இரண்டாவது ஆள் கடிபடுவது அப்படித்தான். எட்டி நின்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும், டாக்டருக்கு அது உதவும்.

செய்ய வேண்டியது என்ன? கடிபட்டவரைப் பாம்பு கிடக்கும் இடத்தைவிட்டு விலக்கி, உட்கார அல்லது படுக்க வைக்க வேண்டும். தைரியம் சொல்ல வேண்டும். மெட்டி, கொலுசு, மோதிரம் அனைத்தையும் வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும். எலும்பு முறிந்தவருக்குச் செய்வதுபோல் இரண்டு குச்சிகளை வைத்துக் காலை அசையாமல் தளர்வாகக் கட்ட வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவரை நடக்கவிடக் கூடாது. அசைய அசைய விஷம் உடம்பில் வேகமாகப் பரவும். இரண்டு காண்டாக் கம்புகளைக் கோணிச்சாக்குகளின் மூலைகளைக் கிழித்து நுழைத்தால் தூக்குப்படுக்கை தயார். வாந்தி வந்தால் ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். கண் இமை சரிவதும் பேச்சுக் குழறுவதும் மூச்சு நிற்கப்போவதன் அறிகுறி. ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. நாகம் கண்ணில் விஷம் துப்பினால் உடனே நிறையத் தண்ணீர்விட்டுக் கழுவ வேண்டும்.

“விஷமுறிவு ஊசியைத் தோட்ட மருந்தகத்திலேயே வைத்தால் என்ன?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் பாங்காக்கிலுள்ள ராணி சவோவபா நிலையத்திலிருந்து வருகிறது. சிலருக்கு அந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் மூச்சுத் திணறும். அதைச் சமாளிக்க டாக்டரும் கருவிகளும் அருகில் இருக்க வேண்டும். யாருக்கு ஊசி தேவை என்பதையும் ஆஸ்பத்திரியில்தான் பார்ப்பார்கள். சிறிது இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்த்து உறைந்ததா என்று அறிவதும் ஒரு முறை. வீக்கமே இல்லாதவரையும் ஒரு நாள் வைத்துப் பார்ப்பார்கள். “ஒன்றும் இல்லை” என்று பாதியில் திரும்பி வந்துவிடாதீர்கள்.

தோழர்களே! இத்தனையும் தெரிந்திருந்தும் ஒருவர் கடியை மறைத்துக்கொண்டு மரம் வெட்டுகிறார் என்றால் காரணம் என்ன? பாலைச் சேர்க்காமல் போனால் அன்றைய கூலி போய்விடும் என்ற பயம். தூக்கிச் செல்லும் நால்வருக்கும் அதே பயம். பெர்மிட் விஷயத்தில் அஞ்சி வாழும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இரட்டைப் பயம். விஷத்தைவிட இந்தப் பயம் அதிகம் தாமதப்படுத்துகிறது. அதை நீக்குவது சங்கத்தின் வேலை.

ஆகவே நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு டிவிசனிலும் முதலுதவி கற்றவர்கள் இருவராவது வேலை நேரத்தில் இருக்க வேண்டும். பயிற்சி நாளுக்குச் சம்பளம் வேண்டும். விடியற்காலை 5 மணிக்கும் சாவி கிடைக்கும் ஒரு வாகனம் வேண்டும். விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துப் பெரட்டுக் களத்தில் எழுதிப் போட வேண்டும். கணுக்கால் மூடும் பூட்சும் நல்ல விளக்கும் தர வேண்டும். கடிபட்டவருக்கும் தூக்கிச் சென்றவர்களுக்கும் அன்றைய கூலியைச் செக்ரோலில் முழுதாகப் பதிய வேண்டும். இது பிச்சை அல்ல. தொழிலாளியின் பாதுகாப்பு முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். 999க்குத் தொலைபேசியில் பேசும்போது தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. எந்த டிவிசன், எந்தப் பெரிய சாலையிலிருந்து எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்லி, வாசலில் விளக்கோடு ஓர் ஆளை நிறுத்துங்கள். வேலையில் நேர்ந்த கடி வேலை விபத்துதான். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. உங்கள் பேனா தாமதித்தால் ஒரு குடும்பத்தின் உலை காத்திருக்கும்.

பக்கத்து நிரையில் இருப்பவர் தமிழரோ, இந்தோனேசியரோ, வங்காளியோ, அவர் கூப்பிட்டால் ஓட வேண்டியவர் நாம். நாம் விழுந்தால் ஓடி வர வேண்டியவர் அவர். ஆகவே பயிற்சியில் அவர்களையும் சேர்ப்போம். முதல் வகுப்புக்குப் பெயர் கொடுப்போர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுக்கலாம். ஒரு டிவிசனுக்கு இருவர் வேண்டும். நால்வர் வந்தால் இன்னும் நல்லது.