ஓடும் வீட்டில் ஒழுகிய நீர்



2019ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையைக் கனடாவில் வாழும் என் மகள் குடும்பத்தாரோடு கழித்தேன். ஒன்ராறியோ மாகாணத்திலே அல்கொன்குயின் என்னும் பெருங்காடொன்று உண்டு. 1893ஆம் ஆண்டிலேயே பூங்காவாக ஒதுக்கப்பெற்றது அது. காரின் பின்னே கொழுவி இழுத்துச் செல்லும் சிறு வீடொன்றில் அங்கே சென்றோம். கட்டில், அடுப்பு, கழுவும் தொட்டி, நீர்த்தாங்கி யாவும் அதனுள் அடக்கம். ‘கேம்பர்’ என்பது அதற்கு அவர்கள் வழங்கும் பெயர்.

முதல் நாள் இரவு, குழாய்கள் யாவும் பூட்டியிருக்கவும், நீரிறைக்கும் சிறு பம்பு இடையிடையே முனகி முனகி ஓய்ந்தது. “அது கிடக்கட்டும் மாமா, படுங்கள்” என்றார் மருமகன். எனக்கோ உறக்கம் வரவில்லை. குழாயினுள் அழுத்தம் குறைந்தாலன்றி அந்தப் பம்பு இயங்காது. பூட்டிய குழாயில் அழுத்தம் குறையுமாயின், நீர் எங்கோ கசிகின்றது என்பதே பொருள். வண்டியின் தளமோ மரப்பலகை. நாட்கணக்கில் ஊறினால் உக்கிப்போகும்.

தொட்டியின் கீழே தலையை நுழைத்து, ரோச் வெளிச்சத்தில் ஒவ்வொரு மூட்டாகத் துடைத்துப் பார்த்தேன். துடைத்த பின்னும் ஈரமாகியது ஒரு பிளாஸ்ரிக் நட்டு. முப்பது ஆண்டுகளாகப் பிறருக்குப் பாடஞ்சொன்ன கை சும்மா இருக்குமா? குறட்டை எடுத்து இறுக்கினேன். ‘படீர்’ என்றது. சொட்டாக விழுந்த நீர் தாரையாகப் பாய்ந்தது. பம்பை முதலில் நிறுத்திக் குழாயைத் திறந்து அழுத்தத்தைப் போக்கியிருக்க வேண்டும். அது நனைந்த பின்னரே நினைவுக்கு வந்தது. “அம்மப்பா குளிக்கிறார்!” என்று பேர்த்தி கைகொட்டினாள்.

மறுநாட் காலை அயலூர்க் கடையிலே உடைந்த நட்டைக் காட்டினோம். கடைக்காரக் கிழவர் அதனைத் திருப்பிப் பார்த்தார். அதில் இரண்டு கீறல்கள் இருந்தன. பழையது பனியினுடையது, புதியது என்னுடையது. உறையும்போது நீரின் கனவளவு நூற்றுக்கு ஒன்பது பங்களவு கூடும். முந்திய குளிர்காலத்துக்கு முன் குழாய்களை முற்றாக வடித்துவிடவில்லை என்பதை மருமகன் அப்போதுதான் ஒப்புக்கொண்டார்.

வெள்ளை நாடா வாங்கிப் புரியிலே சுற்றலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் கிழவர். இவ்வகை மூட்டிலே நீரைத் தடுப்பது புரியன்று. உள்ளேயிருக்கும் கூம்பு வடிவான இறப்பர் வாசரே. நட்டின் வேலை அதனை அழுத்திப் பிடிப்பது மட்டுமே. ஆகவே கையால் இறுக்கினாற் போதும். நாடா சுற்றினால் வாசர் சரியாகப் படியாமற் போகவும் கூடும்.

மருமகன் பொருத்தினார், நான் ரோச் பிடித்தேன். பழைய வாசரைக் கழற்றி, குழாய் முனையைத் துடைத்து, புதிய வாசரின் கூம்பு எதிர் மூட்டின் வாயை நோக்கும்படி வைத்து, நட்டை விரல்களால் முறுக்கினார். பின்னர் பம்பை இயக்கி, மூட்டின் கீழே உலர்ந்த கடதாசி ஒன்றை விரித்து வைத்தோம். மாலை வரை அதில் ஈரம் படவில்லை.

அன்றிரவு பம்பின் முனகலுக்காக நெடுநேரம் காது கொடுத்துக் கிடந்தேன். ஏரியிலே லூன் என்னும் நீர்ப்பறவை கூவியது மட்டுமே கேட்டது.